காந்தி ரோடு கவுண்டரில் கற்ற மொழி வரமாகுமா?

கேள்வி:

ஐயா, எனக்கு 29 வயது. வேலூர் சத்துவாச்சாரியில் அம்மாவோடு இருக்கிறேன். எட்டு வருஷமாகக் காந்தி ரோட்டில் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநிலத்துக்காரர்களிடம் பேசிப் பேசியே இந்தியும் வங்காளமும் வந்துவிட்டது. எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும், சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம்தான் கேட்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு மருந்துக் கவரில் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைந்து கொடுப்பேன். போன மாதம் எங்கள் சபை வாலிபர் முகாமில், ஆவிக்குரிய வரங்களை, அதாவது பரிசுத்த ஆவியானவர் விசுவாசிகளுக்குத் தரும் ஈவுகளை, கண்டுபிடிக்க ஒரு வினாத்தாள் கொடுத்தார்கள். எனக்கு எல்லாவற்றிலும் மார்க் குறைவு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபக் குழுவை நடத்தும் அண்ணன், “ஒன்பது வரத்தில் ஒன்றாவது வெளிப்பட வேண்டும். உனக்கு இன்னும் அபிஷேகம் வரவில்லை” என்றார். எனக்கு அந்நிய பாஷை, அதாவது ஜெபத்தில் ஆவியானவர் ஏவிப் பேசவைக்கும் கற்காத மொழி, வராது. சத்தமாக ஜெபிக்கவே கூச்சம். இந்தி, வங்காளம் பேசுவதைச் சொன்னேன். “அது சம்பளத்துக்குக் கற்ற உலகத் திறமை” என்று சொல்லிவிட்டார். அம்மா கொயரில் சேரச் சொல்கிறார், எனக்குச் சுருதியே நிற்காது. வேலையை விட்டுவிட்டு வேதாகமக் கல்லூரிக்குப் போனால் என் வரம் தெரியவருமா?

- பெயர் வேண்டாம், சத்துவாச்சாரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையை விடாதீர்கள். இந்த மாதிரிக் கடிதம் எழுதுகிறவர்களில் சிலர் பதில் வருவதற்குள் ராஜினாமா கொடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன், காரணம் அப்புறம்.

அந்த அண்ணன் சொன்ன ஒன்பது எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 1 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரம், 8 முதல் 10 வரை உள்ள வசனங்கள். ஞானத்தைப் போதிக்கும் வசனத்தில் தொடங்கி பாஷைகளை வியாக்கியானம்பண்ணுவதில் முடிகிறது. எண்ணினால் ஒன்பதுதான். ஆனால் அங்கேயே வேதாகமத்தை மூடிவிடாமல் 28-ஆம் வசனம் வரை போனால், அந்த நிருபத்தை எழுதிய பவுல் இன்னொரு வரிசை சொல்கிறார். அதில் ஊழியங்களும் ஆளுகைகளும் சேர்ந்துகொள்கின்றன, அதாவது கூடமாட நின்று உதவுவதும் காரியங்களை நிர்வாகம் செய்வதும். ரோமர் 12-இல் பகிர்ந்துகொடுப்பதும் இரக்கம் செய்வதும் வருகின்றன. எபேசியர் 4-இல் மேய்ப்பர், போதகர் என்று ஆட்களையே ஈவுகளாகச் சொல்கிறார். பேதுரு தன் முதல் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் ரொம்பச் சுருக்கமாக, போதிக்கிறவன், உதவிசெய்கிறவன் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். இந்த வரிசைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முழுப் பட்டியல் ஒன்று எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அப்படியிருக்க, ஒரு வரிசையை மட்டும் எடுத்து, அதில் உன் பெயர் இல்லை என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்கு யாருக்கும் அதிகாரம் கிடையாது.

வினாத்தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகாமில் அதைக் கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். ஒருவரை ஒருவர் பேசவைக்க அது உதவும். ஆனால் அதில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். “நான் பேசும்போது மற்றவர்கள் கவனித்துக் கேட்கிறார்கள்” என்பது போன்ற வாக்கியங்கள் இருக்கும், பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும். ஒருநாளும் மேடை ஏற்றப்படாத பெண் அதற்கு என்ன போடுவாள்? ஏற்கெனவே வாய்ப்புக் கிடைத்தவர்களுக்கு மார்க் ஏறும், கூச்சப்படுகிறவர்களுக்கு இறங்கும். உங்கள் சபையில் சமையல் பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும், கேட்டில் நின்று சைக்கிளை ஒழுங்குபடுத்துகிறவருக்கும் அதே தாளைக் கொடுத்தால் அவர்களுக்கும் உங்கள் மார்க்தான் வரும்.

வேதத்தில் வரம் எப்படித் தெரியவந்தது? யோப்பா பட்டணத்துத் தொற்காளை எடுத்துக்கொள்ளுங்கள், அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரம். அவள் செத்துப்போனாள். பேதுரு மேல்வீட்டுக்கு வருகிறார். விதவைகள் எல்லாரும் அழுதுகொண்டே, அவள் தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் அவரிடம் காட்டுகிறார்கள். தனக்கு என்ன வரம் என்று தொற்காள் ஒரு வார்த்தை சொன்னதாக எழுதப்படவில்லை. அவளால் பிரயோஜனப்பட்டவர்கள் கையில் துணியை வைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நம்பத்தகுந்த பரிசோதனை இல்லை. ஆவியினுடைய அநுக்கிரகம் பிரயோஜனத்திற்கென்று அளிக்கப்பட்டிருக்கிறது என்று அதே 1 கொரிந்தியர் 12-இன் 7-ஆம் வசனம் சொல்கிறது. ஒன்பதை ஆரம்பிக்கும் முன்பே பவுல் அதைச் சொல்லிவிடுகிறார். ஆகையால் உங்களிடம் என் கேள்வி வேறு. உங்களால் யாருக்குப் பிரயோஜனம் உண்டாகிறது?

அதற்குப் பதிலை நீங்களே எழுதிவிட்டு, ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். அந்தச் சூரியனும் நிலாவும். காட்பாடியில் ரயில் விட்டு இறங்கி, மொழி தெரியாத ஊரில், கையில் ஒரு பை நிறைய ரிப்போர்ட்டோடு ஒருவர் உங்கள் கவுண்டருக்கு வருகிறார். காலையிலிருந்து நான்கு வரிசையில் நின்றிருப்பார். யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள், பாதி புரிந்திருக்கும். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், அது வெட்கம். சீட்டை நீட்டும்போது அவர் கண் எங்கே போகிறது என்பதை வைத்து நீங்கள் கண்டுபிடிக்கிறீர்கள். கேட்டு அவமானப்படுத்தாமல் பேனாவை எடுத்து ஒரு வட்டம் போட்டு அதைச் சுற்றிக் கோடு இழுக்கிறீர்கள். இந்தி தெரிந்தவர்கள் காந்தி ரோட்டில் எத்தனையோ பேர். பாபு ராவ் தெரு முழுக்க லாட்ஜ்காரர்களும் ஹோட்டல்காரர்களும் இந்தியும் வங்காளமும் பேசுகிறார்கள், பலகைகூட அந்த எழுத்தில்தான் தொங்குகிறது. அவர்கள் எல்லாரும் சூரியன் வரைவதில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்கள் வரம் மொழி இல்லை. ரோமர் 12:8-இல் சொல்லியிருக்கிற இரக்கம் செய்தல், அதோடு கொரிந்தியரில் வரும் உதவி. இந்தியும் வங்காளமும் அந்த இரக்கம் வேலை செய்யக் கிடைத்த கருவி. கருவி சம்பளத்துக்குக் கற்றதாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

இந்த இடத்தில் அந்த அண்ணன் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திறமை இருந்தால் மட்டும் அது வரமாகிவிடாது. நன்றாகப் பாடுகிறவர், கேட்கிறவர்கள் தன்னை மெச்ச வேண்டும் என்றே பாடிவிட்டுப் போகலாம். சுருதி சுத்தமாக இருக்கும், யாருடைய பாரமும் குறைந்திருக்காது. திறமை விசுவாசிக்கும் உண்டு, அவிசுவாசிக்கும் உண்டு. மழையைப் போல எல்லாருக்கும் தேவன் தருகிறார். அதே திறமையை அவருடைய கையில் கொடுத்து, மற்றவர்கள் கட்டப்படுவதற்கென்று செலவழிக்கும்போது ஆவியானவர் அதைப் பயன்படுத்துகிறார். ஆனால் “உலகத் திறமை” என்று தள்ளிவைப்பது வேதத்துக்கு ஒத்துவராது. யாத்திராகமம் 31-இல் பெசலெயேலை தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொல்கிறார். அவர் தீர்க்கதரிசி இல்லை, ஆசாரியரும் இல்லை. பொன், வெள்ளி, வெண்கல வேலையும் மரவேலையும் கல் பதிக்கிற வேலையும் தெரிந்தவர். அந்தக் கைவேலையை எங்கே பழகினார் என்று எழுதியில்லை. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த ஜனத்தில் ஒருவர், பழகியதும் அங்கேதான் என்று நினைக்க இடமுண்டு. எஜமானுக்காகப் பழகிய கை, தேவனை ஆராதிக்க எழுப்பிய ஆசரிப்புக் கூடாரத்துக்கு உதவியது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரிய எகிப்து வரை போக வேண்டியதில்லை. 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டை வயதானவர்கள் இன்னும் பேசிக்கொள்வார்கள். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன் இங்கிலாந்தில் சில வருஷம் தச்சுவேலையும் கொத்துவேலையும் பழகினார். வீட்டில் பார்த்தவர்களுக்கு அது வீணாய்ப் போன காலமாகத் தெரிந்திருக்கலாம். வேலூரில் அவர் கையிலெடுத்தது தொழுநோயால் மடங்கிப்போன விரல்கள். நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைத்து, மூடிக்கிடந்த கையைத் திறக்கவைத்தார். அறுவை முடிந்த கையோடு மறுபடியும் பிச்சையெடுக்கப் போகிறவர்களைப் பார்த்தபோதுதான் அடுத்த கேள்வி வந்தது. கை திறந்துவிட்டது, பிழைப்பு? பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. கல்லூரி வளாகத்தில் அவர்களுக்கென்று குடிசைகள் எழுந்தன, தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள், பொம்மை செய்தார்கள். உணர்ச்சி மரத்த கை உளியை எவ்வளவு அழுத்திப் பிடிக்கும், பிடி எங்கே உரசிப் புண்ணாக்கும் என்பதெல்லாம் தச்சுப் பட்டறையில் நின்ற மனுஷருக்குத்தான் சட்டென்று கண்ணில் படும். எந்த வருஷம் திறமை, எந்த வருஷம் வரம் என்று அவர் வாழ்க்கையில் கோடு போட்டுக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

ஐடா ஸ்கடர் அம்மையார் கதை நேர்மாறு. ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த அவருக்கு மிஷனரி ஆகும் விருப்பமே இல்லை, வைத்தியமும் தெரியாது. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று கணவர்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்கப் பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்டார்கள். டாக்டரான அவருடைய அப்பாவை ஆண் என்பதால் உள்ளே விடமாட்டார்கள். மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கா போய்ப் படித்து, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். வாசலில் வந்து நின்ற தேவைதான் முதலில், திறமை பின்னால் வந்தது. ஆகவே “எனக்கு என்ன இருக்கிறது” என்று மட்டும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். “என் வாசலுக்கு யார் வருகிறார்கள்” என்றும் பாருங்கள். உங்கள் வாசல் அந்தக் கவுண்டர். அதை விட்டுவிட்டு வரத்தைத் தேடிக் கல்லூரிக்குப் போனால், அது வேலை செய்கிற இடத்தையே விட்டுவிட்டுப் போகிறீர்கள். வேலையை விட வேண்டாம் என்றதற்கு இதுதான் காரணம். பவுல் கொரிந்துவில் கூடாரம் பண்ணும் தொழிலைச் செய்துகொண்டே ஊழியம் செய்தார். வேதத்தை ஒழுங்காகப் படிக்க ஆசை இருந்தால் படியுங்கள், தபால் வழியிலும் மாலை வகுப்பிலும் படிக்கலாம். வரம் தெரியவேண்டும் என்பதற்காகப் படிக்காதீர்கள்.

இனி, இந்த வேலையில் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள். வரம் இருக்கிறது என்று தெரிந்தவுடன் கெடுதலும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

சூரியன், நிலா வரையும் முன் கடையிலிருக்கும் மருந்தாளுநர் ஒருமுறை பார்க்கட்டும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு தடவைதான் போட வேண்டும், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கவரில் ஒரு சூரியன் வரைந்தால் படிக்கத் தெரியாதவர் தினமும் காலையில் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட மருந்துக்கு என்ன அடையாளம் போடுவது என்று மருந்தாளுநரையே கேளுங்கள். கிழமையின் பெயரை அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லி, திரும்ப அவர் வாயால் சொல்லவையுங்கள். “மாத்திரையை நிறுத்தலாமா, பாதி போடலாமா” என்று உங்களிடம் கேட்பார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் புரியும்படி பேசுவது நீங்கள்தான். பதில் சொல்லாமல் டாக்டரிடம் திருப்பி அனுப்புவதும் இரக்கம்தான்.

லாட்ஜுக்கும் ஸ்கேன் சென்டருக்கும் ஆள் அனுப்பினால் கமிஷன் தருகிறேன் என்று யாராவது உங்களைத் தேடி வருவார்கள், இதுவரை வராவிட்டாலும் இனி வருவார்கள். ஒரு தடவைகூட வாங்காதீர்கள். வாங்கிய அன்றே உங்கள் சொல்லுக்கு அந்த ஏழையிடம் இருந்த மதிப்பு போய்விடும், அது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, சபைக்குள் நடப்பது. ஒருவருடைய ரிப்போர்ட்டை வாசித்துச் சொல்லும்போது அவர் வீட்டாருக்குக்கூடத் தெரியாத காரியம் உங்கள் காதில் விழும். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் “மேற்கு வங்காளம் மால்டாவிலிருந்து வந்த ஒரு அக்காவுக்கு இன்ன வியாதி” என்று ஜெபக்குறிப்பு கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். கர்த்தரிடம் நீங்கள் தனியாகச் சொல்லலாம், அவருக்கு விலாசம் தெரியும். அதே போல, வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், முஸ்லிம்கள். உங்களை நம்பி நிற்கிற நேரத்தில் அவர்கள் கையில் கைப்பிரதியைத் திணிக்காதீர்கள். அவர்களாகக் கேட்டால், நான் இயேசுவைப் பின்பற்றுகிறவள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தேன் என்று மாற்கு 10:45-இல் ஆண்டவர் தம்மைப் பற்றிச் சொன்னதைத்தான் அந்த ஆஸ்பத்திரி தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது. அதன் வாசலுக்கு வெளியே நிற்கிற உங்களுக்கும் அது போதுமானது.

உங்கள் சொந்த நம்பரை எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம். பகல் முழுக்க நின்ற காலுக்கு ராத்திரி ஓய்வு வேண்டும், அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட நேரம் வேண்டும்.

அந்நிய பாஷை விஷயத்துக்கு வருகிறேன். இதில் சபைக்குச் சபை போதனை வேறுபடுகிறது, நான் இங்கே வழக்கு நடத்தப்போவதில்லை. பவுல் அதைத் தடைபண்ண வேண்டாம் என்கிறார், அதே சமயம் எல்லாரும் அந்நிய பாஷைகளைப் பேசுகிறார்களா என்றும் 12:30-இல் கேட்கிறார். கேட்கிற விதத்திலேயே இல்லை என்ற பதில் இருக்கிறது. அது இல்லாதவர்களுக்கு ஆவியானவரே இல்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. இயேசுவைக் கர்த்தரென்று ஒருவன் சொல்வதே பரிசுத்த ஆவியினால்தான் என்று அதே அதிகாரத்தின் 3-ஆம் வசனம். ஆனால் தயவுசெய்து, “நான் பேசுகிற வங்காளம்தான் என் அந்நிய பாஷை” என்று அந்த அண்ணனிடம் வாதாடாதீர்கள். அது அந்த வரம் இல்லை, நீங்கள் கவுண்டரில் உழைத்துக் கற்றது. உழைத்துக் கற்றதற்கும் ஒரு மரியாதை உண்டு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போக உங்களுக்கு ஆசை இருந்தால் போங்கள், மனதுக்குள் ஜெபியுங்கள். அங்கே வந்து ஒவ்வொரு வாரமும் குறைச்சலோடு வீடு திரும்புகிறீர்கள் என்றால் சில மாதம் போகாமல் இருப்பதில் பாவம் ஒன்றுமில்லை. அந்த அண்ணன் மேல் கசப்பு வேண்டாம், அவரும் உங்களைக் கைவிட நினைக்காமல்தான் சொல்லியிருப்பார். முடிந்தால் ஒரு சனிக்கிழமை அவரையே கடைக்கு வரச்சொல்லி, ஒரு மணி நேரம் உங்கள் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஆயரிடம் ஒரு காரியம் பேசிப்பாருங்கள். ஞாயிறு காலையில் வேலூர் ஆலயங்களின் பின் பெஞ்சில் ஜார்க்கண்ட், நாகாலாந்து, மிசோரம் என்று வெளியூர் விசுவாசிகள் வந்து உட்காருகிறார்கள். யாருக்கோ நாளை ஆபரேஷன் இருக்கும். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை புரியாமல், ஆமென் சொல்லும் இடத்தில் மட்டும் கூடச் சேர்ந்துகொள்கிறார்கள். இந்தி தெரிந்தவர்கள் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து, வேதபாகம் எது, ஆயர் என்ன சொல்கிறார் என்று மெல்லச் சொன்னால் எப்படியிருக்கும்? உங்கள் கூச்சத்துக்கும் இது ஒத்துவரும், மைக் கிடையாது. நாலு வாரம் செய்து பார்த்துவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்து முடிவெடுங்கள். பிரயோஜனமில்லை என்று தெரிந்தால் விட்டுவிடலாம்.

அது நிலைத்தால், வாலிபர் ஐக்கியத்தில் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு இந்தி கற்றுக்கொடுங்கள். பெசலெயேலுக்கும் அவரோடிருந்த அகோலியாபுக்கும், செய்வதோடு மற்றவர்களுக்குப் போதிக்கும் வரத்தையும் கர்த்தர் கொடுத்தார் என்று யாத்திராகமம் 35:34-இல் இருக்கிறது. நீங்கள் காய்ச்சலில் படுத்தாலோ கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாலோ அந்தப் பின் பெஞ்சு காலியாகக் கூடாது.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்களை மேடையில் பார்க்க அவருக்கு ஆசை, அது தாய் மனசு. சுருதி நிற்காதவர் கொயரில் நின்றால் உங்களுக்கும் சுகமில்லை, கொயர் மாஸ்டருக்கும் சுகமில்லை. சேர வேண்டாம். ஆராதனையில் சபையோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடுங்கள், அதற்கு யாரும் மார்க் போடுவதில்லை. ஆயர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுதுங்கள்.